ஆயிரம் ஆண்டு துருப்பிடிக்காத சாக்கெட்

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் நான் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பெயர் கலந்தர். ஸ்பேனர் கேட்டு வருகிறவருக்கு ஸ்பேனரையும் ஆணி கேட்டு வருகிறவருக்கு ஆணியையும் எடுத்துக் கொடுக்கிற ஆள். கதை சொல்வது என் தொழில் இல்லை. ஆனாலும் எங்கள் வட்டார வேளாண் இயந்திரக் கூட்டுறவுச் சங்கம் ஒரே ஒரு சாக்கெட் வாங்கிய வரலாற்றை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது. அதை எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் உள்ளேயே வைத்துக்கொண்டு திரிவது?

முதலில் அந்தச் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சில போல்ட்டுகளுக்கு வெளியே ஸ்பேனர் பிடிக்க இடம் இருக்காது. தலைக்கு நடுவில் ஆறு பட்டைக் குழி ஒன்று இருக்கும். அந்தக் குழிக்குள் சரியாகப் போய் உட்காருகிற ஆறு பட்டைக் கம்பி. அதன் மறுபக்கம், அதைத் திருப்புகிற ராட்செட் கைப்பிடி மாட்டச் சதுர ஓட்டை. இதுதான் அலன் பிட் சாக்கெட். விரல் நீளச் சாமான். வாங்குவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பளபளவென்று மின்னுவதைத் தொடக் கூடாது, முலாம் உரிந்துவிடும். பட்டை மழுங்காமல் இருக்க வேண்டும். குழிக்குள் போட்டால் ஆடக் கூடாது. வெளிநாட்டுப் பெயர் போட்டு யானை விலை சொல்வதும் வேண்டாம், சந்தையில் கூறு கட்டி விற்பதும் வேண்டாம். நடு விலையில், கறுப்பாக, எண்ணெய் தடவிய எஃகுச் சாமான் ஒன்று வரும். அதை எடுத்தால் மெக்கானிக் வேலையை விட்டு வீட்டில் உட்காரும் வரை உழைக்கும். லாரிப் பட்டறை வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். சங்கத்தில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். கொடுமையே அதுதான்.

அந்த வருஷம் தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிய நேரத்தில் அம்சம் என் கடைக்கு வந்தாள். அம்சமும் அவள் புருஷன் வைரக்கண்ணுவும் கீழப்பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையின் பினாமி நிலம் கொஞ்சம் பிடிபட்டு, அதில் ஒரு துண்டு இவர்களுக்குப் பட்டாவானது. பட்டா கொடுத்த ஈரம் காயுமுன் பண்ணை கோர்ட்டில் தடை வாங்கியது. வைரக்கண்ணு கொடி பிடித்தான், அடி வாங்கினான், ஜெயிலுக்குப் போனான், கடைசியில் கோர்ட்டுக்கு நடந்து நடந்தே செத்தும் போனான். தடை நீங்கி அம்சம் அந்த நிலத்தில் இறங்கி நட்ட முதல் பயிர் அது. வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவில் கோர்ட் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது? இந்தப் பசலி வருஷத்தில் யார் அறுத்ததாக வி.ஏ.ஓ. தன் அடங்கல் பதிவேட்டில் எழுதுகிறாரோ, அவர் பக்கம்தான் நிலம் நிற்கும்.

பண்ணைக்கு இது தெரியாதா? அறுவடை வண்டி பண்ணையிடம் சொந்தமாக இருந்தது. வெளியூர் வண்டிகளைக் கூட்டி வருகிற புரோக்கரும் பண்ணை ஆள். அம்சத்தின் வயல் என்றால் ஒரு வண்டியும் வரப்பு தாண்டாது. கையால் அறுக்கலாமென்றால், ஊர்ப் பெண்கள் எல்லாரும் வண்டி அறுத்துப் போட்ட வயல்களில் வைக்கோல் அள்ளவும் கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றவும் ஒப்புக்கொண்டு போயிருந்தார்கள். இந்த நேரம் பார்த்துப் பண்ணையிலிருந்து ஆள் வந்து பாசமாகப் பேசினானாம்.

“கூலிகூட வேண்டாங்கிறாரு பாய். கையெழுத்தும் வேண்டாமாம். சும்மாவே அறுத்துக் குடுக்கறாராம்,” என்றாள் அம்சம். “அந்த வூட்டுல சும்மா ஒரு வாய் தண்ணி குடுத்து நான் பார்த்ததில்ல.”

பண்ணை வண்டி அறுத்தால் பண்ணைதான் அறுத்தது என்று நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி நிற்கும். அவளுக்கு மிச்சமிருந்தது சங்கத்து வண்டி ஒன்றுதான். ஏழை விவசாயிக்காகவே அரசாங்கம் கொடுத்த வண்டி. அதுவோ கொட்டகையில் நின்றது. கத்தியை ஆட்டுகிற பெட்டியில் பேரிங் போய்விட்டது. புதுப் பேரிங் வந்து அலமாரியில் இருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தால் அரை நாள் வேலை. மூடியைப் பிடித்திருப்பவை அலன் போல்ட்டுகள். சங்கத்தில் இருந்த சாக்கெட் போன வருஷம் ஆகக் குறைந்த விலைக்கு வாங்கியது. முதல் போல்ட்டிலேயே பட்டை உருண்டு உருளையாகிவிட்டது.

புதுசு வாங்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். நீடித்து உழைக்கக்கூடியதும் கட்டுப்படியான விலையுள்ளதுமான சாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மாதிரிச் சாமானோடு வரச் சொல்லி எனக்கும் ஆள் வந்தது.

சங்கத் தலைவர் அமிர்தலிங்கம் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரை மாறும். நாற்காலியில் ஆள் மாறியதில்லை. தலைக்கு மேலே சுவரில் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் செயலாளர் ரெத்தினம். அவருக்குப் பக்கத்தில் குழு உறுப்பினர்கள், அவர்களுக்கு முன்னால் மிக்சரும் டீயும். நான் கறுப்புச் சாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொருவராக அதைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, ஒருவர் மோந்தும் பார்த்து, பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள். நல்ல சாமான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

“என் கார் டிக்கியில கெடக்கறதும் உங்க கடைச் செட்டுதான் பாய். அருமையான சாமான்,” என்றார் தலைவர். “ஆனா அது என் காசு. என் காசுன்னா யோசிச்சு வாங்குவேன். இது சங்கத்துக் காசு. இதுல யோசிக்க எனக்கு அதிகாரம் இல்ல.”

ரெத்தினம் சங்கடத்தை விளக்கினார். ஒரு தடவை நல்லதாக வாங்கியிருக்கிறார்கள். ஏன் குறைந்த விலைக்கு வாங்கவில்லை என்று தணிக்கையில் கேட்டுவிட்டார்கள். அடுத்த தடவை குறைந்த விலைக்கு வாங்கினார்கள். ஏன் உழைக்கவில்லை என்று கேட்டுவிட்டார்கள். ஆகவே இந்தத் தடவை உழைக்கும் என்பதற்கு முன்கூட்டியே ஆதாரம் வேண்டும். எத்தனை வருஷம் உழைக்கும் என்று கம்பெனிக்காரன் எழுதித் தருவானா என்று கேட்டார். அப்படி எவனும் எழுதித் தரமாட்டான், சாமானைப் பார்த்தாலே தெரியும் என்றேன். பார்த்தால் தெரிவதெல்லாம் ஆதாரமாகாது என்று குழு முழுவதும் தலையாட்டியது.

அப்போதுதான் தலைவருக்கு அந்த யோசனை உதித்தது. எழுந்து நின்று, மேடையில் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தார். ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்து, தோண்டி எடுத்தால் மூக்கு முழி மாறாமல் இருக்கிற பொருள் நம் மாவட்டத்தில் எது என்று கேட்டார். சாமி சிலைகள்தான் என்றார் ரெத்தினம். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லாரும் கை தட்டினார்கள்.

“நான் சாமி கும்பிடறவன் இல்ல,” என்றார் தலைவர். “பகுத்தறிவுப் பாசறையில வளர்ந்தவன். ஆனா அந்த உலோகத்து மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆயிரம் வருஷ ஆதாரம் மியூசியத்துலயே நிக்கிது. எந்தத் தணிக்கைக்காரன் கேப்பான்?”

சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்களின் கூட்டுறவுச் சங்கமும் நமது சங்கமும் ஒரே துறையின் கீழ் வருவதால், அந்தச் சிலை வெண்கலத்திலேயே சாக்கெட் வார்த்து வாங்கினால் விலையும் கட்டுப்படியாகும், உள்ளூர்க் கைவினைஞருக்கு முன்னுரிமை கொடுத்தது மாதிரியும் ஆயிற்று என்று ஒருமனதாக முடிவானது. எனக்குத் தலை சுற்றியது. எஃகு போல்ட்டை வெண்கலத்தால் திருப்பினால் வெண்கலம்தான் முறுக்கிக்கொள்ளும், இது எருமை மேய்க்கிறவனுக்கும் தெரியுமே என்று கத்தியே விட்டேன். ரெத்தினம் என் தோளில் கை போட்டு வெளியே அழைத்து வந்தார்.

“எனக்கும் தெரியும் பாய். முறுக்கிக்கும்,” என்றார். “முறுக்கிக்கிட்டா அது உலோகத்தோட குத்தம். உங்ககிட்ட நல்லதா வாங்கி நாளைக்கு ஒரு கேள்வி வந்தா அது என் குத்தம். எனக்கு இன்னும் பொண்ணு கல்யாணம் இருக்கு.”

அந்த மனுஷன் இதை அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார்.

சங்கத்து வண்டி ஓட்டுகிறவனும் மெக்கானிக்கும் ஒரே ஆள்தான், இராஜாங்கம். அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு ஜீப் நிறைய ஆட்கள் சுவாமிமலைக்குப் போனார்கள். மாதிரிக்குக் கொண்டுபோன பழைய சாக்கெட்டை ஸ்தபதி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பூஜைக்கா கோயிலுக்கா என்று கேட்டாராம். கூட்டுறவுச் சங்கத்துக்கு என்றதும், அப்படியென்றால் அளவு சாஸ்திரம் பார்க்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டாராம். மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் பூசி, நிழலில் காய வைத்து, பிறகு மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு உலோகம் வார்க்க வேண்டும். அவசரப்படுத்தினால் அச்சு வெடித்துவிடும். மண் காயட்டும் என்று சொல்லிவிட்டு எல்லாரும் திருப்தியாக ஊர் திரும்பினார்கள்.

இங்கே அம்சத்தின் வயலும் காய்ந்துகொண்டிருந்தது. கதிர் முற்றி, தாள் பழுத்து, தொட்டால் நெல் உதிர்ந்தது. பண்ணையின் ஆள் தினமும் வரப்பில் வந்து நின்று, என்ன முடிவு பண்ணின என்று கேட்டுவிட்டுப் போனான். கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. அம்சத்துக்குப் பொறுக்கவில்லை. என் கடைக்கு வந்து, அந்தக் கறுப்புச் சாக்கெட் ஒன்றைத் தானே வாங்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

இராஜாங்கம் அதை ராட்செட்டில் மாட்டிக்கூட விட்டான். குழிக்குள் வைக்கப் போகும்போது ரெத்தினம் ஓடி வந்து கையைப் பிடித்தார். சங்கத்து இயந்திரத்தைத் தனியார் கருவி தொடக் கூடாதாம். அப்படியானால் இதைச் சங்கத்துக்கே இனாமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்சம். இனாமாக வாங்க மகாசபை கூடி ஒப்புதல் தர வேண்டுமாம். அதோடு, தன் வயலை அறுக்க வேண்டியவள் கொடுக்கிற இனாம் லஞ்சமாகிவிடுமாம். சரி, இரவலாகவாவது வைத்துத் திறந்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

“சங்கம் கடன் குடுக்கும்மா. கடன் வாங்காது,” என்றார் ரெத்தினம்.

அம்சம் என்னைப் பார்த்தாள். இவர் நிஜமாகத்தான் பேசுகிறாரா, நம்மை வைத்து விளையாடுகிறாரா என்று கேட்கிற பார்வை. இராஜாங்கம் சாக்கெட்டைக் கழற்றித் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பீடி குடிக்கப் போய்விட்டான். அவனுக்குச் சம்பளம் வண்டி ஓடினாலும் வரும், நின்றாலும் வரும்.

ஒருவழியாகச் சுவாமிமலையிலிருந்து சாமான் வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஸ்தபதி பழக்கதோஷத்தில் சதுர ஓட்டையைச் சுற்றித் தாமரை இதழ் செதுக்கியிருந்தார். வந்த அன்றே போல்ட்டைத் திறக்கப் பார்த்திருந்தால் வெண்கலம் அன்றே முறுக்கிக்கொண்டிருக்கும். சனியன் அதோடு தொலைந்திருக்கும். ஆனால் விழா நடத்தாமல் எப்படித் தொடுவது? பந்தல் போட்டார்கள். மைக் செட் வந்தது, நாகஸ்வரம் வந்தது, கொட்டகை வாசலை மறைத்துத் தலைவரின் படம் வந்தது. பயனாளி என்று அம்சத்தை முதல் வரிசையில் உட்கார வைத்து, தலைவருக்குப் போட அவள் கையிலேயே ஒரு மாலையைத் திணித்தார்கள். வண்டி ஓடினால் போதும் என்று அவளும் போட்டாள்.

சாக்கெட்டைத் தாம்பாளத்தில் வைத்துப் பட்டுத் துணி மூடிக் கொண்டுவந்தார்கள். யாரோ பழக்கத்தில் சூடம் காட்டிவிட, தலைவர் பகுத்தறிவோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பேசினார். “ஏரோட்டும் இனமே, என் ஏற்றமிகு சனமே! அந்நியன் எஃகை நம்பி ஏமாந்தது அந்தக் காலம். ஆண்ட சோழன் உலோகத்தால் அறுவடை காண்பது இந்தக் காலம். ஒரு சாக்கெட்டுக்கு இவ்வளவு நாளா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அவர்கள் சாக்கெட் வாங்குகிறவர்கள். நாம் வரலாறு படைக்கிறவர்கள்!”

முதல் போல்ட்டைத் தலைவரே திறந்து வைப்பதாக ஏற்பாடு. ராட்செட்டில் மாட்டிக் குழிக்குள் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி திரும்பியது. “திரும்புதுய்யா!” என்று மைக்கிலேயே கூவினார். கூட்டம் கை தட்டியது. நாகஸ்வரக்காரர் எடுத்து ஊதினார். அம்சமும் தட்டினாள், கண்ணில் தண்ணீரோடு தட்டினாள். நான் மட்டும் எட்டிக் கம்பியைப் பார்த்தேன். திரும்பியது போல்ட் அல்ல. ஆறு பட்டைக் கம்பிதான் கைமுறுக்கு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் தலைவரே, விடுங்கள் என்று நான் கத்தியது நாகஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் உற்சாகத்தில் இன்னொரு இழுப்பு இழுத்தார். பட்டென்று ஒடிந்தது. தாமரை இதழ் ராட்செட்டோடு அவர் கையில். கம்பி போல்ட்டுக் குழிக்குள்.

நடந்ததன் முழு அர்த்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்சத்துக்குப் புரிந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த தன் சாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். குழிக்குள் அதை வைத்து வைத்துப் பார்த்தாள். எங்கே நுழையும்? குழிதான் வெண்கலத்தால் அடைத்துப் போயிருந்ததே. நேற்று வரை சாமான் இல்லாமல் திறக்க முடியாத மூடி, அன்றிலிருந்து எந்தச் சாமானாலும் திறக்க முடியாத மூடியாகிவிட்டது.

துளை போட்டு எடுக்கலாம் என்றான் இராஜாங்கம். உள்ளே இருப்பதும் சங்கத்துச் சொத்துதான், அதைத் துளைத்தால் சொத்தைச் சேதப்படுத்தியதாகும் என்றார் ரெத்தினம். ஒடிந்த துண்டை அகற்றுவது பற்றி ஆராய அந்த இடத்திலேயே ஒரு குழு போட்டார்கள். அதற்கும் தலைவர் அமிர்தலிங்கம்தான். விழாவுக்கு வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்தார்கள். அந்தக் கேசரியைத் தின்றவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. தை மாதத்தில் ஐப்பசி மாதிரி கொட்டியது. நாலைந்து நாள் கழித்து மழை விட்ட காலையில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்சத்தின் வயலுக்குப் போனேன். பயிர் பாதிக்கு மேல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. டயர் வண்டிகள் ஒன்றும் சேற்றில் இறங்க முடியாது. பண்ணையிடம் மட்டும் செயின் வண்டி உண்டு. அது வரப்போரம் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. பயிர்ச் சேதம் எழுத வி.ஏ.ஓ. வந்திருந்தார். ஒரு பத்திரிகை நிருபர் வந்திருந்தார். நிருபர் வந்திருக்கிறார் என்பதால் தலைவரும் வந்திருந்தார்.

தலைவர் அம்சத்தைத் தனியே அழைத்துப் பேசினார். பயிர் அழிந்தால் சங்கத்தின் பெயர் அல்லவா கெடும்? நிருபர் வேறு நிற்கிறார். பண்ணைக்காரர் இவ்வளவு பெருந்தன்மையாக வண்டியை அனுப்பியிருக்கும்போது ஏன் வறட்டுப் பிடிவாதம்? நெல் வீடு வந்து சேர வேண்டும், யார் வண்டி அறுத்தால் என்ன என்றார்.

“அழுகுனா அழுகட்டும் சார்,” என்றாள் அம்சம். “என் நெல்லாவே அழுகட்டும்.”

அரிவாளை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். படுத்த பயிரைக் கையால் தூக்கித் தூக்கி அறுத்தாள். மழையில் வண்டிகள் நின்றுபோனதால் ஊரில் எல்லாக் கைகளும் சும்மா இருந்தன. வேடிக்கை பார்க்க வந்த ராமாயி முதலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பிறகு இன்னும் சில பெண்கள் வீட்டுக்குப் போய் அரிவாளோடு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வி.ஏ.ஓ. கொஞ்ச நேரம் பண்ணை வண்டியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தார். கடைசியில், அறுத்தது அம்சம் என்று எழுதிக்கொண்டார். செயின் வண்டிக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போனான்.

நிலம் தங்கியது. நெல் தங்கவில்லை. மேட்டில் நின்ற கொஞ்சம்தான் தேறியது. பள்ளத்தில் கிடந்ததெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. ஒரு வருஷத்துச் சோறு, அடுத்த சாகுபடிக்கு விதை, எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தது. அம்சம் முளைத்த கதிர் ஒன்றை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, சேறு வழிய வரப்பில் ஏறி நின்றாள்.

தலைவர் சும்மா இருந்திருக்கலாம். நிருபர் பக்கத்தில் நிற்கவும் நல்ல பெயரோடு முடிக்க ஆசை வந்துவிட்டது.

“சங்கத்து மேல ஒண்ணும் கோவம் இல்லையேம்மா?” என்றார்.

“கோவந்தான் சார். ரொம்பக் கோவம்,” என்றாள் அம்சம். “பண்ணை எங்க வயித்துல அடிக்க வந்தாருன்னா, அடிக்கத்தான் வர்றேன்னு சொல்லிட்டு வருவாரு. நாங்களும் கம்ப எடுத்துக்கிட்டு நிப்போம். நீங்க மேளம் வச்சு, என் கையாலயே மாலை போட வச்சு, என்னையே கை தட்டச் சொல்லிட்டுல்ல அடிச்சீங்க.”

தலைவர் சிரித்துக்கொண்டே நிருபர் பக்கம் திரும்பி, பாவம், மழை நட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறது, இதைப் போட வேண்டாம் என்றார். நிருபரும் போடவில்லை. அதனால்தான் இரும்புக் கடைக்காரன் சொல்ல வேண்டியதாகிவிட்டது.